முதலில் கணிப்பு, பிறகு காட்சி: வகுப்பறையில் இயற்பியலைச் செய்துகாட்டத் தொடங்குவோருக்கு

அலுமினிய டப்பா ஒன்று படாரென்று நசுங்கினால் வகுப்பே கைதட்டும். மறுநாள் அதே பிள்ளைகளிடம் ஏன் நசுங்கியது என்று கேட்டுப் பாருங்கள். "உள்ளே இருந்த வெற்றிடம் இழுத்துக்கொண்டது" என்று பலர் சொல்வார்கள். கண் பார்த்துவிட்டது, மனத்தில் இருந்த பழைய எண்ணம் அசையவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூரும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. செயல்விளக்கத்தைச் சும்மா பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்காதவர்களைவிடப் பெரிதாக எதையும் கூடுதலாகப் புரிந்துகொண்டிருக்கவில்லை. என்ன நடக்கும் என்று முதலில் கணித்துவிட்டுப் பார்த்தவர்கள் தெளிவாக முன்னே நின்றார்கள். இதற்குக் கூடுதலாகச் செலவாவது சில நிமிடங்கள்தான்.

ஆகவே செயல்விளக்கம் என்பது பதில் அல்ல, கேள்வி. கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொன்றிலும் என்ன பொருள் வேண்டும், எவ்வளவு வேண்டும், எங்கே சொதப்பும் என்பதோடு எந்தக் கேள்வியை முன்னால் வைப்பது என்பதும் இருக்கிறது. கேள்வியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொண்டால் அது வித்தை காட்டுவதாகிவிடும்.

எந்த வரிசையில் நடத்துவது

1. கருவியை மேசையில் வைத்து, என்ன செய்யப்போகிறீர்கள் என்று முழுவதும் சொல்லுங்கள். ஆனால் செய்யாதீர்கள்.
2. மூன்று விடைகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். அவற்றில் ஒன்றாவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழையாக இருக்கவேண்டும். வேண்டுமென்றே அசட்டு விடை எதையும் சேர்க்காதீர்கள். அதை யாரும் எடுக்க மாட்டார்கள், இடம்தான் வீண்.
3. ஒவ்வொருவரும் தன் விடையையும் ஒரு வரிக் காரணத்தையும் நோட்டில் எழுதட்டும். கை தூக்கச் சொன்னால் நன்றாகப் படிக்கும் பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் தூக்குவார்கள். அதனால் எழுதிய பிறகுதான் கை.
4. பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடட்டும். விடையை மாற்ற விரும்பினால் பழையதை அழிக்காமல் அடித்துவிட்டு எழுதட்டும்.
5. இப்போது செய்துகாட்டுங்கள். வாய் பேசாமல்.
6. பார்த்ததை மட்டும் முதலில் சொல்லச் சொல்லுங்கள். காரணம் அதற்குப் பிறகு. "நீர் மேலே ஏறியது" என்பது பார்த்தது. "காற்று தீர்ந்துபோனது" என்பது ஊகம். இரண்டையும் பிரித்துப் பழக்குவதே பாதி அறிவியல்.

ஐந்தாவது படியில்தான் பெரும்பாலான ஆசிரியர்கள் தடுக்கி விழுகிறார்கள். கை வேலை செய்யும்போதே வாய் விளக்கத் தொடங்கிவிடும். கணித்தவன் தன் கணிப்போடு மோத அந்தச் சில நொடி அமைதி வேண்டும்.

ஒரு பாடவேளைக்கு ஒரு செயல்விளக்கம் போதும், மிஞ்சினால் இரண்டு. ஒத்திகை இரண்டு முறை பாருங்கள். அதில் ஒரு முறையாவது அதே வகுப்பறையில், அதே மேசையில் இருக்கட்டும். ஒருவரைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து என்ன தெரிகிறது என்று கேளுங்கள். தெளிந்த நீர் தூரத்தில் இருந்து தெரியாது, இரண்டு சொட்டு மை கலந்தால் தெரியும். பின்னால் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் மெல்லிய நூல்கூடத் தெரியும்.

தராசில் நீர், நீரில் எடை

முதன்முதலாகச் செய்துபார்ப்பவர்களுக்கு இதுதான் எங்கள் பரிந்துரை. தீ இல்லை, உடைவது இல்லை, தோற்பதும் அரிது. ஆனால் கணிப்பில் வகுப்பு கட்டாயம் பிளவுபடும்.

வேண்டியவை: 1 கிராம் துல்லியம் உள்ள டிஜிட்டல் தராசு, 500 மி.லி. பீக்கர், அதில் 300 மி.லி. நீர், 200 கிராம் எஃகு எடை, நூல், எடையைத் தொங்கவிட ஒரு தாங்கி.

பீக்கரைத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். எடையைத் தாங்கியிலிருந்து நூலில் தொங்கவிட்டு, நீரில் முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி இறக்கப்போகிறோம். இறக்கும் முன் கேள்வி: தராசு என்ன காட்டும்? சுழியிலேயே நிற்குமா, 200 கிராம் கூடுமா, இரண்டுக்கும் நடுவில் ஏதாவது காட்டுமா?

"எடையை நூல் தாங்குகிறது, தராசுக்கு என்ன வந்தது" என்ற வாதம் வலுவாக எழும். எழட்டும். இறக்கியதும் தராசு ஏறத்தாழ 26 கிராம் காட்டும். எஃகின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 7.8 கிராம் அளவில் இருப்பதால் 200 கிராம் எஃகின் கன அளவு 26 மி.லி.க்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு நீரைத்தான் அது இடம்பெயர்த்திருக்கிறது. நீர் எடையை மேலே தள்ளுகிறது. அதே அளவு விசையால் எடை நீரைக் கீழே தள்ளுகிறது. ஆர்க்கிமிடீஸின் மிதப்பு விசையும் நியூட்டனின் மூன்றாம் விதியும் ஒரே எண்ணில் தெரிகின்றன.

இங்கே நிறுத்தாமல் 200 கிராம் அலுமினியத் துண்டு கிடைத்தால் அதையும் இறக்குங்கள். மறுபடியும் கணிப்பு. நிறை ஒன்றே ஆனாலும் தராசு 74 கிராம் அளவுக்கு ஏறும். மூழ்கும் பொருளின் எடைதான் முக்கியம் என்று நினைத்தவர்கள் இங்கே நின்று யோசிப்பார்கள். நூலின் மேல்முனையில் சுருள்வில் தராசு ஒன்றை மாட்டிவைத்தால் இன்னும் நல்லது. கீழே எத்தனை கிராம் கூடியதோ மேலே அத்தனை கிராம் குறையும்.

தவறுகள் மூன்றுதான். எடையைக் கையில் பிடித்தால் கை நடுக்கத்தில் எண் துள்ளும், அதனால்தான் தாங்கி. எடையில் காற்றுக் குமிழிகள் ஒட்டியிருந்தால் அளவு கூடுதலாக வரும், இறக்கும் முன் எடையை ஈரமாக்கிவிடுங்கள். மூன்றாவது, பல தராசுகள் ஓரிரு நிமிடத்தில் தாமாகவே அணைந்துவிடும். வாதம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து அணையும். இடையிடையே தட்டிவிட ஒரு மாணவரை நியமியுங்கள்.

எந்த நூல் அறும்?

நிலைமத்துக்கு, அதாவது தன் நிலையை மாற்றிக்கொள்ள மறுக்கும் பொருளின் இயல்புக்கு, நாணயத்தையும் அட்டையையும் எல்லோரும் காட்டுவார்கள். அதைவிட இது ஆழமானது. 500 கிராம் எடை ஒன்று ஒரு நூலில் தொங்குகிறது. எடைக்குக் கீழே அதே நூலின் இன்னொரு துண்டு. கீழ்நூலைப் பிடித்து இழுத்தால் எது அறும்?

விடை இழுக்கும் விதத்தில் இருக்கிறது. மெல்ல இழுத்தால் மேல்நூல், வெடுக்கென்று இழுத்தால் கீழ்நூல். வகுப்பில் முதலில் ஒரு விதமாக மட்டும் செய்யுங்கள். எல்லோரும் காரணம் கண்டுபிடித்துத் திருப்தியடைந்த பிறகு, மற்ற விதமாகச் செய்து அந்தக் காரணத்தைக் கலையுங்கள்.

சாதாரணப் பருத்தித் தையல்நூல் போதும். 500 கிராம் எடை என்றால் மேல்நூலில் ஏற்கெனவே 4.9 நியூட்டன் இழுவிசை இருக்கிறது. நூல் 7 முதல் 10 நியூட்டனுக்குள் அறுவதாக இருந்தால் சரியாக வேலை செய்யும். நைலான், பாலியெஸ்டர் நூல் வேண்டாம். அவை நீளும். நீள்வதற்கு எடுக்கும் நேரத்தில் எடையும் சற்று இறங்கி மேல்நூலை இழுத்துவிடும், பிறகு எது அறும் என்று சொல்ல முடியாது. முடிச்சு இருக்கும் இடத்தில் நூல் பலவீனம். ஆகவே முனையை முடிச்சிடும் முன் கொக்கியில் நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள், மேலும் கீழும் ஒரே மாதிரி.

மெல்ல இழுக்கும்போது எடை கீழே விழும், இழுக்கும் கை அதற்கு நேர் கீழே இருக்கும். எனவே எடைக்கும் தாங்கிக்கும் இடையே ஒரு தடித்த காப்புக் கயிற்றையும் கட்டுங்கள், 5 செ.மீ. தொய்வாக. தொய்வு இல்லாவிட்டால் கயிறே எடையைத் தாங்கி முடிவைக் கெடுக்கும். தொய்வு அதிகமானால் காப்பு இல்லை. கீழ்நூலை 40 செ.மீ. நீளமாக விட்டு, முனையில் ஒரு பென்சிலைக் கட்டி அதைப் பிடித்து இழுங்கள். தாங்கி ஆடக்கூடாது. தாங்கி வளைந்துகொடுத்தால் வெடுக்கென்ற இழுப்பு வெடுக்காக இருக்காது.

விளக்கம்: மெல்ல இழுத்தால் மேல்நூலில் எடையின் விசையும் உங்கள் இழுப்பும் சேர்கின்றன, கீழ்நூலில் உங்கள் இழுப்பு மட்டும். வெடுக்கென்று இழுத்தாலோ மேல்நூலுக்கு விசை போய்ச்சேர எடை கொஞ்சமாவது கீழே நகர்ந்தாகவேண்டும். அரை கிலோ நிறை நகர எடுக்கும் நேரத்துக்குள் கீழ்நூல் அறுந்துவிடுகிறது.

தனி ஊசல்: 19-ஐ 20 என்று எண்ணும் பிழை

ஊசலில் அற்புதம் எதுவும் இல்லை. ஆனால் அளவிடக் கற்றுக்கொடுக்க இதைவிட மலிவான ஆசான் கிடையாது. 100 செ.மீ. நீள ஊசல் 20 முழு அலைவுகளுக்கு ஏறத்தாழ 40.1 வினாடி எடுக்கும். 25 செ.மீ. ஊசலுக்கு அதில் பாதி. "நீளத்தைக் கால் பங்காக்கினால் நேரம் எத்தனை பங்காகும்?" என்பதே கேள்வி. கால் பங்கு என்றுதான் பலரும் எழுதுவார்கள்.

குண்டைப் பக்கவாட்டில் 10 செ.மீ. அளவுக்கு இழுத்துத் தள்ளாமல் விடுங்கள். 25 செ.மீ. ஊசலுக்கு 3 செ.மீ. போதும். குண்டு நடுப்புள்ளியைக் கடக்கும்போது எண்ணத் தொடங்குங்கள். அங்கேதான் அது வேகமாகப் போகிறது, எப்போது கடந்தது என்று கண் சரியாகப் பிடிக்கும். ஓரத்தில் நின்று திரும்பும் கணத்தைக் கண் மழுப்பிவிடும்.

கடிகாரத்தைத் தொடங்கும்போது "ஒன்று" என்று சொல்லக்கூடாது, "சுழி" என்று சொல்லவேண்டும். "ஒன்று" என்று தொடங்கும் குழு 19 அலைவுகளை அளந்துவிட்டு 20 என்று எழுதும். அவர்கள் கணக்கிடும் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதிலாக 10.9 மீ/வி² அளவில் வரும். எனவே யாராவது 10.9 என்று கொண்டுவந்தால் எண்ணியதைப் பாருங்கள். 9.6, 9.7 என்று வந்தால் நீளத்தைப் பாருங்கள். குண்டின் நடுப்புள்ளி வரை அளக்காமல் அதன் மேல்விளிம்பு வரை மட்டும் அளந்திருப்பார்கள். விடையைப் பார்த்தே பிழையைச் சொல்லும் ஆசிரியரை மாணவர்கள் மந்திரவாதி போலப் பார்ப்பார்கள். மந்திரத்தையும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

நிறை மாறினால் அலைவு நேரம் மாறுமா என்று சோதிக்க இரும்பு வாஷர்கள் வசதி. ஆனால் ஐந்து வாஷர்களை நூலில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டால் நிறைமையம் கீழே இறங்கி ஊசல் நீண்டுவிடும், நேரமும் கூடும். "நிறை கூடினால் மெதுவாக ஆடும்" என்ற தவறான முடிவோடு வகுப்பு வீட்டுக்குப் போகும். எல்லாவற்றையும் ஒரே கொக்கியில் பக்கம்பக்கமாக மாட்டுங்கள். வீச்சையும் கவனியுங்கள். 30 டிகிரி கோணத்தில் விட்டால் அலைவு நேரம் 1.7 சதவீதம் கூடும், 20 அலைவுகளில் அது முக்கால் வினாடிக்கு அருகில்.

நசுங்கும் டப்பா

தொடக்கத்தில் சொன்ன டப்பாவுக்கு வருவோம். 330 மி.லி. அலுமினியக் குளிர்பான டப்பா, அதற்குள் 15 மி.லி. நீர், அடுப்பு, நீண்ட இடுக்கி, ஓர் அகலமான பாத்திரத்தில் குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்குக் குளிர்ந்த நீர். பாதுகாப்புக் கண்ணாடி உங்களுக்கும் முன்வரிசைக்கும்.

நீர் கொதித்து, வாய் வழியே ஆவி தொடர்ந்து ஒரு நிமிடமாவது வெளிவரவேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் டப்பாவில் இருந்த காற்றை ஆவி வெளியே தள்ளிவிடுகிறது. அவசரப்பட்டால் காற்று மிச்சமிருக்கும், டப்பா லேசாக மட்டும் குழியும். நீர் வற்றும்வரை விட்டால் சாயம் கருகி நாறும், அலுமினியமும் இளகலாம்.

இடுக்கியைப் பிடிக்கும் விதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடித்து டப்பாவை எடுங்கள். மணிக்கட்டை இயல்பாகத் திருப்பினாலே டப்பா தலைகீழாகிவிடும். உள்ளங்கை கீழே பார்க்கப் பிடித்தால் கவிழ்க்கும்போது கை முறுக்கிக்கொண்டு டப்பா சாய்வாக நீரில் இறங்கும், காற்று உள்ளே புகும், ஒன்றும் நடக்காது. வாய் நேராக, ஒரே வீச்சில், 2 செ.மீ. ஆழம் மூழ்கட்டும்.

330 மி.லி. ஆவி குளிர்ந்தால் கிடைக்கும் நீர் 0.2 கிராம்தான். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது கிட்டத்தட்ட 1700 மி.லி. இடத்தை அடைக்கிறது என்பதை இங்கே கணக்கிட்டுக் காட்டலாம். உள்ளே அழுத்தம் சட்டென்று விழ, வெளியே வளிமண்டலம் ஒவ்வொரு சதுர செ.மீ.யையும் 10 நியூட்டன் விசையால், அதாவது ஒரு கிலோ எடை அளவுக்கு, தொடர்ந்து அழுத்திக்கொண்டிருக்கிறது. "இழுத்தது", "உறிஞ்சியது" என்ற சொற்களை வகுப்பில் தடைசெய்யுங்கள். தள்ளியது யார் என்று மட்டும் கேளுங்கள். பிறகு டப்பாவை நிமிர்த்தி உள்ளே இருக்கும் நீரை அளவுகுவளையில் ஊற்றச் சொல்லுங்கள். நாம் விட்டதைவிட அதிகமாக இருந்தால் அந்தக் கூடுதல் நீரையும் வளிமண்டலம்தான் உள்ளே தள்ளியிருக்கிறது.

மூடி உள்ள பாத்திரத்தை மூடியபடி சூடாக்கி இதைச் செய்ய யாரும் முயலக்கூடாது. வெடிக்கும்.

மெழுகுவத்தியும் தவறான விளக்கமும்

தட்டில் நீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கவிழ்த்த கண்ணாடிக் குவளை. சுடர் அணைகிறது, நீர் உள்ளே ஏறுகிறது. "ஆக்சிஜன் தீர்ந்தது, அந்த இடத்துக்கு நீர் வந்தது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் இருப்பது இதனால் தெரிகிறது" என்ற விளக்கம் தலைமுறை தலைமுறையாக வருகிறது. அது தவறு. செயல்விளக்கம் சரியாக நடந்து, விளக்கம் பிழையாக இருப்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. அதனாலேயே இதை வகுப்பில் செய்யவேண்டும் என்போம்.

எரியும்போது ஆக்சிஜன் மாயமாவதில்லை. கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகிறது. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அணைந்தும் விடுகிறது. நீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம் வெப்பம்: குவளையைக் கவிழ்க்கும்போது சுடருக்கு மேலுள்ள காற்று ஏற்கெனவே விரிந்திருக்கிறது, சுடர் அணைந்ததும் அது குளிர்ந்து சுருங்குகிறது, எரிந்து உண்டான நீராவியும் குளிர்ந்து நீராகிறது.

இதை நீங்கள் சொல்லாதீர்கள். பழைய விளக்கத்தையே கரும்பலகையில் எழுதிவைத்து, அது உண்மையானால் என்னென்ன நடக்கவேண்டும் என்று கணிக்கச் சொல்லுங்கள். பிறகு மூன்று சோதனைகள்.

முதலாவது, நேரம். ஆக்சிஜன் குறையக் குறைய நீர் ஏறவேண்டுமென்றால் சுடர் எரியும்போதே சீராக ஏறவேண்டும். குவளையில் ஒட்டிய காகித அளவுகோலைப் பார்த்து ஒரு மாணவர் உரக்கச் சொல்லட்டும். எரியும்போது மிகக் கொஞ்சமாகவே ஏறும், அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறும்.

இரண்டாவது, எண்ணிக்கை. அதே குவளை, ஒன்றுக்குப் பதிலாக மூன்று மெழுகுவத்திகள். குவளையில் உள்ள ஆக்சிஜன் அதேதான், ஆகவே நீரும் அதே அளவுதான் ஏறவேண்டும். ஆனால் அதிகமாக ஏறும். கவிழ்க்கும் கணத்தில் விளிம்பைக் கவனித்தால் விரிந்த காற்று குமிழிகளாக வெளியேறுவதும் தெரியலாம்.

மூன்றாவது, தீயே இல்லாமல். குவளையை 60 டிகிரி செல்சியஸ் நீரில் சில நிமிடம் வைத்துச் சூடாக்கி, நீரைக் கொட்டிவிட்டு உடனே தட்டில் கவிழ்த்துங்கள். எதுவும் எரியவில்லை, ஆனாலும் நீர் ஏறுகிறது. காற்று 60 டிகிரியிலிருந்து 30-க்கு வந்தாலே அதன் கன அளவு 9 சதவீதம் குறையும், ஈரப்பதம் குளிர்வது அதற்கு மேல்.

ஆக்சிஜனின் பங்கை நிஜமாகவே அளக்க வேண்டுமானால் மெழுகுவத்தியை விட்டுவிடுங்கள். மெல்லிய இரும்பு நார்ப் பஞ்சை வினிகரில் நனைத்துப் பிழிந்து, சோதனைக்குழாயின் அடியில் திணித்து, குழாயை நீரில் கவிழ்த்து ஒரு நாள் விடுங்கள். துருப்பிடிக்கும் இரும்பு ஆக்சிஜனைத் திடப்பொருளாகப் பிடித்துக்கொள்கிறது, நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயரம் ஏறி நிற்கும். நார் கிடைக்கும்போதே எண்ணெய் பூசியிருந்தால் சோப்பு போட்டுக் கழுவவேண்டும், இல்லாவிட்டால் துரு ஏறாது.

ஒரு சுருள், ஒரு காந்தம், ஒரு பேட்டரி

மாணவர்கள் தாங்களே செய்யும்போது அதிகம் தோற்பதும், ஓடிவிட்டால் அதிகம் மகிழ்வதும் இந்த மோட்டாரில்தான். 1.5 வோல்ட் பெரிய டார்ச் பேட்டரி ஒன்று, 0.5 மி.மீ. பருமன் அளவில் எனாமல் பூசிய தாமிரக் கம்பி ஒன்றரை மீட்டர், இரண்டு பெரிய ஊக்குகள், ஒரு வட்டக் காந்தம், அகலமான ரப்பர் வளையம், உப்புத்தாள்.

கம்பியைப் பேட்டரியின் மேலேயே 10 சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். இருபுறமும் 4 செ.மீ. வால் விடுங்கள். வால்கள் எதிரெதிராக, ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். அந்தக் கோடு சுருளின் நடுவே போகவேண்டும். வாலால் சுருளை இரண்டு சுற்றுக் கட்டினால் குலையாது. ஊக்குகளைப் பேட்டரியின் இரு முனைகளிலும் ரப்பர் வளையத்தால் நிறுத்தி, அவற்றின் வளைந்த துளைகளில் வால்களை நுழைத்து, காந்தத்தைப் பேட்டரியின் மேல் வைத்தால் வேலை முடிந்தது. சுருளுக்கும் காந்தத்துக்கும் 5 மி.மீ. இடைவெளி நல்லது.

முடியவில்லை. எனாமலை எப்படிச் சுரண்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு வாலை முழுச் சுற்றும் சுரண்டவேண்டும். மற்ற வாலில் பாதிச் சுற்று மட்டும். அந்தப் பாதி எது? சுருளின் தளம் செங்குத்தாக நிற்கும்படி மேசை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, வாலை மேசைமீது கிடத்தி, மேல்பாதியை மட்டும் தேயுங்கள். சுருளைப் படுக்கவைத்துத் தேய்த்தால் மின்னோட்டம் தவறான அரைச்சுற்றில் பாயும். அந்த அரைச்சுற்றில் ஒரு பாதி சுழற்றும், மறு பாதி திருப்பித் தள்ளும், சுருள் ஊசல்போல ஆடிவிட்டு நிற்கும்.

பாதி மட்டும் சுரண்டுவது ஏன் என்பதே வகுப்புக்கான கேள்வி. முழுச் சுற்றும் மின்னோட்டம் பாய்ந்தால் ஒரு அரைச்சுற்றில் முன்னே தள்ளும் விசை, அடுத்த அரைச்சுற்றில் பின்னே தள்ளும். எனாமல் அந்த இரண்டாவது அரைச்சுற்றில் மின்னோட்டத்தை நிறுத்திவிடுகிறது, சுருள் தன் நிலைமத்தாலேயே அதைக் கடக்கிறது. பெரிய மோட்டார்களின் திசைமாற்றி இன்னும் ஒரு படி மேலே போய், மின்னோட்டத்தை நிறுத்தாமல் திருப்பிவிடுகிறது. இரு வால்களையும் முழுவதும் சுரண்டிய சுருளும் சில சமயம் ஊக்கில் துள்ளித்துள்ளி ஓடிவிடும். "என்னுடையது ஓடுகிறதே" என்று யாராவது வாதாடினால், துள்ளும் கணங்களில் தொடர்பு அறுவதைக் காட்டுங்கள்.

ஓடாவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் விரலால் ஒரு சுண்டு, பலவற்றுக்குத் தொடக்கத் தள்ளல் வேண்டும். அடுத்தது சுரண்டியது போதுமா என்பது. தாமிரத்தின் பளபளப்பு தெரியவேண்டும், மங்கிய செம்பழுப்பாக இருந்தால் எனாமல் இன்னும் இருக்கிறது. பிறகு சமநிலை: சுருளை எந்த நிலையில் நிறுத்தினாலும் அங்கேயே நிற்கவேண்டும். எப்போதும் ஒரே பக்கம் கீழே வந்தால் அந்தப் பக்கம் கனம். கடைசியாகத்தான் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள்.

சுருளின் மின்தடை 0.1 ஓம் அளவே. சுருள் சுற்றாமல் நின்றுவிட்டால் கிட்டத்தட்ட குறுக்குச்சுற்றுதான், சில ஆம்பியர் பாய்ந்து பேட்டரியும் ஊக்கும் சுடும். 20 வினாடி ஓட்டிவிட்டுச் சுருளை எடுத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரிகளை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

ஐந்து நிமிடம் மட்டும் இருக்கும்போது

புத்தகத்தின் மேல் அதைவிடச் சிறிய தாளை வைத்து இரண்டையும் சேர்த்துக் கீழே விடுங்கள். தாள் புத்தகத்தோடே விழும். புத்தகம் காற்றை விலக்கிக்கொடுக்கிறது. விளிம்பைத் தாண்டித் தாள் நீட்டிக்கொண்டிருந்தால் காற்று அதைத் தூக்கிவிடும். 1971 ஆகஸ்டு 2 அன்று அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் வல்லூறின் இறகையும் ஒன்றாக விட்ட காட்சிப்பதிவை அதற்குப் பிறகு காட்டலாம், முன்பு அல்ல.

மீட்டர் அளவுகோலை இரு சுட்டுவிரல்களின் மேல், நடுவிலிருந்து வெவ்வேறு தூரத்தில் வைத்து, விரல்களை மெல்ல ஒன்றுசேருங்கள். எப்படித் தொடங்கினாலும் நிறைமையத்தில்தான் சந்திக்கும். எந்த விரல் மையத்துக்கு அருகில் இருக்கிறதோ அதன்மேல் பாரம் கூடி உராய்வும் கூடுகிறது, அது நிற்க மற்றது நகர்கிறது. ஒரு முனையில் நான்கைந்து வாஷர்களை ஒட்டிவிட்டு எங்கே சந்திக்கும் என்று கேளுங்கள்.

வளையும் நீரில் ஒளி: பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கத்தில் 5 மி.மீ. துளை, எதிர்ப்பக்கத்தில் இருந்து லேசர். துளையின் விளிம்பு பிசிறாக இருந்தால் நீர்த்தாரை சிதறும், ஒளியும் சிதறும். சூடான ஆணியால் துளைத்தால் வழவழப்பாக வரும். இரண்டு சொட்டுப் பால் கலந்தால் ஒளியின் பாதை தெரியும். தாரையின் சுவருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 49 டிகிரிக்கு மேல் சாய்வாகப் படும் ஒளி வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்பி, அதாவது முழு அக எதிரொளிப்பு அடைந்து, நீரோடே வளைகிறது. ஜெனீவாவில் டேனியல் கொலாடோன் 1841-இல் இதைக் காட்டியபோது லேசர் இல்லை. இப்போது இருப்பதால் ஒரு கவனம்: 1 மில்லிவாட்டுக்கு மிகாத லேசரையே எடுங்கள், மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் திசையில் அது ஒருபோதும் நோக்கக்கூடாது.

வகுப்பின் நடுவில் தோற்றால்

ஒரு முறை மறுபடி முயலுங்கள். மூன்றாவது முயற்சி வேண்டாம், அதற்குள் வகுப்பின் கவனம் கருவியை விட்டு உங்கள் முகத்துக்கு வந்திருக்கும். ஒத்திகையின்போது கைபேசியில் எடுத்துவைத்த பதிவைக் காட்டி, பதிவில் இருப்பதற்கும் மேசையில் நடந்ததற்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். டப்பா சாய்ந்ததையும், சுருளில் எனாமல் மிச்சமிருந்ததையும் பெரும்பாலும் முன்வரிசைக்கு முன்பே பின்வரிசை கண்டுபிடிக்கும். எழுதிவைத்த கணிப்புகளைக் கிழித்தெறிய விடாதீர்கள். அதே கருவியைச் சரிசெய்து அடுத்த வகுப்பில் முதல் வேலையாகச் செய்துகாட்டும்போது, அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அந்தத் தாள்களைத்தான்.